தண்ணீர் தெளியும் வரை

வெள்ளையில் பதினேழு வகை இருக்கிறது. இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஷேடு மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவற்றில் நான்கை அவர் ஒருவரால்தான் பார்க்க முடியும் என்பதால், மற்றவர்கள் பதின்மூன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம்.

சாயப்பட்டறையில் அவருக்கு வேலை நிறம் கூட்டுவது. வாங்குபவர்கள் விரலகலத்தில் ஒரு துணித்துண்டு அனுப்புவார்கள். அதே நிறத்தில் ஆயிரம் மீட்டர் வரவேண்டும். முதலில் ஒரு டம்ளர் வெந்நீரில் சாயத்தைக் கரைத்து, கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியை முக்கி, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, சன்னலோரம் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இதற்குப் பெயர் சாம்பிள் முக்குவது. ஒருமுறை முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது எல்லோரும் விசிறினார்கள். மாஸ்டர் மட்டும் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்துவிட்டு, "உதடு ஒன்றரை ஷேடு இறங்கியிருக்கு, தூக்குங்க" என்றார். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்களாம்.

அவருடைய மனைவியைத் தெளிவக்கா என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்தார்கள். அது அவளுக்கே மறந்துபோயிருக்கலாம். அதே பட்டறையில் அலசல் கூடம் அவள் பொறுப்பு. சாயம் ஏறிய துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தைக் கழுவி எடுக்க அங்கே வரிசையாக ஐந்து தொட்டிகள். கடைசித் தொட்டியில் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு, கூரைக் கண்ணாடி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அவள் "தெளிஞ்சிருச்சு" என்று சொன்னால்தான் துணி வெளியே வரும். சொல்லாவிட்டால் மறுபடி முதல் தொட்டி. பாதியில் நிறுத்தின துணி காய்ந்த பிறகு திட்டுத் திட்டாகக் கறை காட்டும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தெளிந்தது என்று சொல்லித் திரும்பி வந்த துணி ஒரு முழம்கூட இல்லை.

அந்தக் கழிவுத் தண்ணீர் எங்கள் தெருக் கால்வாய் வழியாகத்தான் போகும். ஒரு வருஷம் கருநீலம் ஓடியபோது எதிர்வீட்டு வெள்ளைப் பூனை அதில் விழுந்து மூன்று மாதம் நீலமாகத் திரிந்தது. எலிகள் அதைப் பூனை என்றே எடுத்துக்கொள்ளவில்லை. பட்டினியில் இளைத்துவிட்டது. நான் பார்த்தவன்.

மாஸ்டர் வீட்டுக்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன். தரைப் பலகையில் விரல் நுழையும் சந்துகள் இருந்தன. ஆகவே நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவர்கள்தான் மேல்நோக்கிப் பேசினார்கள்.

நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற தெளிவக்கா தண்ணீர் குடிக்க மாட்டாள். பட்டறையில் கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், சரக்கு இறக்கும் இடத்தைத் தாண்டி இருந்தது. போய்வரக் கால்மணி. அதற்குள் யாராவது குவளையைத் தூக்கிப் பார்த்துவிட்டால்? காலையில் ஒரு டம்ளர், வீடு திரும்பியதும் ஒரு டம்ளர், இடையில் எத்தனை முட்டினாலும் அடக்கிக்கொள்வது. வெயில் கூரைத் தகரத்தைப் பழுக்கவைத்த ஒரு மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, அவள் முற்றத்தைப் பதினோரு தடவை கடந்தாள். பார்த்தவர்கள் பட்டறைக்குத் தீப்பிடித்துவிட்டதோ என்று கேட்டார்கள்.

"தீதான். எங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். மாஸ்டரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி, பித்தான் தைக்கும் வேலை. அவளை எல்லோரும் மருந்துப்பை என்பார்கள். யாருக்கு எழுதிய மாத்திரை மீந்தாலும் அது கடைசியில் அவள் தோள்பைக்கு வந்து சேரும். வீதியில் அவள் நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும்.

"எரியுதா அண்ணி? சொட்டுச் சொட்டாப் போகுதா? போயிட்டு வந்த உடனே மறுபடி போகணும் மாதிரி இருக்கா?"

"மூணும்."

"எனக்கு வந்துச்சே, போன வருஷம். டாக்டர் ரெண்டு தினுசு கொடுத்தாரு. ஒண்ணு கேப்ஸ்யூல், அது சும்மா வேளாவேளைக்கு முழுங்கறது. எதுக்குன்னே தெரியல, முடிஞ்சுபோச்சு. இன்னொண்ணு இந்தச் சிவப்பு மாத்திரை. முழுங்கி ஒரு மணி நேரம், எரிச்சல் இருந்த இடம் தெரியாது. நின்னது இதுலதான்."

டாக்டர் அவளுக்கு எழுதியது ஆறு மாத்திரை. பையில் இடம் இருந்ததால் கூடவே இரண்டு அட்டை வாங்கி வைத்திருந்தாள். அந்த இரண்டு அட்டையையும், மொத்தம் இருபது மாத்திரை, மேசைமேல் வைத்தாள்.

"எத்தனை நாள் போடணும்?"

"ரெண்டு நாள்னு ஞாபகம். எனக்கு ரெண்டு நாள்ல சரியாயிருச்சு. உனக்கு உடம்பு பெருசு. பாத்துப் போடு."

ஒரு மணி நேரத்தில் எரிச்சல் நின்றது. அடுத்த அரைமணியில் தெளிவக்கா கழிப்பறையிலிருந்து, "என்னங்க, இங்க வாங்க" என்றாள். அந்தக் குரலை அவள் தொட்டியில் துணி கிழிந்தால் மட்டும்தான் எடுப்பாள்.

மாஸ்டர் போனார்.

"ரத்தமா?" என்றாள் நாத்தனார், வெளியே நின்று.

"ரத்தம் இல்ல" என்றார் மாஸ்டர். "ரத்தத்துல அடியில பழுப்பு நிக்கும். இது சுத்தமான ஆரஞ்சு. ஒரு பொட்டு சிவப்பு தூக்கல்."

"ஆமா, எனக்கும் அப்படித்தான் போச்சு. பாவாடைகூடக் கறையாயிருச்சு. போகப்போகச் சரியாயிடும்."

அன்று ராச்சாப்பாட்டில், ரொட்டியை முட்டையில் தொட்டுக்கொண்டே, தெளிவக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவளை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. வேறு எந்தத் தொழில் செய்கிறவளுக்கும் அது தோன்றியிருக்காது.

"உள்ள இருந்த அழுக்கு கழண்டு வருது. மாத்திரை அலசி எடுக்குது. தண்ணி தெளியிற வரைக்கும் போடணும்."

"அதான் முறை" என்றார் மாஸ்டர்.

"பாதியில நிறுத்தினா உள்ளயே திட்டாத் தங்கிடும்."

"தங்கிடும்."

இப்படி இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போன பிறகு உலகத்தில் யாரால் என்ன செய்ய முடியும்?

செவ்வாயிலிருந்து மாஸ்டர் கணக்காக வேலை செய்தார். தினம் காலையில் விரலகல வெள்ளைத் துணி ஒன்றை முக்கி, காயவைத்து, ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தினார். மேலே கிழமை எழுதினார். பட்டறையில் வாங்குபவர்களுக்குக் காட்டும் ஷேடு கார்டு எப்படியோ அப்படியே. ஒரே வித்தியாசம், இதை அவர் தொட்டபிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினார். தெளிவக்கா வேளைக்கு ஒன்றாக, சாப்பிட்ட பிறகு, தினம் மூன்று மாத்திரை போட்டாள். எரிச்சல் இல்லை. முற்றத்தைக் கடக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே தண்ணீரும் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை வலது பக்கம், விலா முடிகிற இடத்துக்குப் பின்னால், ஒரு வலி ஆரம்பித்தது. ஈரத்துணி தூக்குகிறவளுக்கு முதுகு வலிப்பது செய்தியா? நாத்தனார் பையிலிருந்து முதுகுவலி மாத்திரை வந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாம் தொட்டியருகே நிற்கும்போது அவளுக்குக் குளிரில் பல் கிட்டியது. அந்தக் கூடத்தில் மற்றவர்கள் வியர்வையைப் பிழிந்தால் ஆறாவது தொட்டி நிறையும். அங்கே அவள் ஒரு கம்பளி கேட்டாள். காய்ச்சல் மாத்திரை வந்தது. சனிக்கிழமை ரொட்டியைப் பார்த்தாலே குமட்டியது. அதற்கும் பையில் ஒன்று இருந்தது.

"அடிக்கடி மாத்திரையா இருக்கே" என்றேன் நான், படியில் பார்த்தபோது.

"அலசல் கடுமையா இருக்கு அண்ணாச்சி. ரொம்ப நாள் அழுக்கு போல" என்றாள். சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

மாஸ்டருக்குத்தான் முதலில் உறுத்தியது. நோயைப் பற்றி அல்ல, நிறத்தைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். என் வீட்டுச் சன்னலில் வெளிச்சம் நன்றாக விழும்.

"இதைப் பாருங்க. செவ்வாய். புதன். வியாழன். வரிசையா என்ன தெரியுது?"

"ஆரஞ்சு."

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க. அலச அலச வெளிறணும். இது ஏறிட்டு வருது. இன்னைக்குக் காலையிலது செவ்வாயைவிட ரெண்டு ஷேடு கூட. எந்தத் துணி அலசினா கருக்கும்?"

"மாத்திரை இன்னும் இருக்கா?"

"பத்தொன்பது ஆச்சு. ஒண்ணுதான் மிச்சம். வாங்கத்தான் போறேன்."

அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டே போனார். மருந்துக்கடை முனையில் இருந்தது. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு ஆளைப் பார்த்துப் பேசுகிறவள். அங்கே நடந்ததை மாஸ்டர் பிறகு என்னிடம் நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் அதே வார்த்தைகள். அவர் கூட்டிச் சொல்கிறவர் அல்ல. அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாஸ்டர் நீட்டிய காலி மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாளாம். "இது யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு."

"டாக்டர் சீட்டு?"

"சீட்டு தங்கச்சியோடது. போன வருஷத்தது."

"எத்தனை நாளாப் போடுறாங்க?"

"இன்னையோட ஏழு."

கண்ணாடி நெற்றிக்குப் போனது. "கூட வேற என்ன? கேப்ஸ்யூல் எதாவது?"

"அது தேவைப்படல. எரிச்சல் இதுலயே நின்னுருச்சு."

"காய்ச்சல் இருக்கா?"

"அதுக்கு மாத்திரை இருக்கு."

"முதுகுப்பக்கம் வலி?"

"அதுக்கும் இருக்கு. குமட்டலுக்கும் இருக்கு."

"அப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. நோய்க்கு மட்டும் இல்ல."

மாஸ்டர் ஷேடு கார்டை நீட்டினார். அவள் அதை வாங்கி, ஏதோ துணி வியாபாரம் என்று நினைத்து, தடவிப் பார்த்தாள். பிறகு அது என்ன என்று தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து சொன்னாள். "ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த மாத்திரை கிருமியைத் தொடாது. எரிச்சலை மூடி வைக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்ற மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும், ஒரு நாள் ரெண்டு நாள், சாப்பாட்டுக்கு அப்புறம் போடறது. ரெண்டு நாளைக்கு மேல கூடாது. நீங்க ஏழு நாள் மூடி வெச்சிருக்கீங்க. உள்ள அது பாட்டுக்கு மேல ஏறியிருக்கு. முதுகு வலி, குளிர் காய்ச்சல், வாந்தி, இதெல்லாம் கிட்னிக்குப் போனதுக்கு அடையாளம்."

"தண்ணி இன்னும் தெளியலையேம்மா."

"எப்படித் தெளியும்? அது மாத்திரையோட நிறம்."

"மாத்திரையோடதா?"

"போடற வரைக்கும் அப்படித்தான் போகும். நான் இதை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு விடாம."

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது தெளிவக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெளியே தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும் வெயில். நாத்தனார் கால்மாட்டில். தெளிவக்கா கையில் தண்ணீர் டம்ளர், அருகே கடைசி மாத்திரை.

"அதைப் போடாத" என்றார் மாஸ்டர்.

"ஏன்? வாங்கிட்டு வரலையா?"

"கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த ஆரஞ்சு, மாத்திரையோட நிறமாம். அழுக்கு இல்லையாம்."

"கடையில உக்காந்திருக்கறவளுக்கு அலசலைப் பத்தி என்ன தெரியும்?"

"அவங்க மருந்து படிச்சவங்க."

"நான் தண்ணி படிச்சவ. இருபத்திரண்டு வருஷம். கடைசித் தொட்டிகிட்ட வந்து நிறுத்தச் சொல்றீங்க. திட்டு நின்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

"ஏறிட்டு வருது புள்ள. வெளிறல. நான் அட்டையில பாத்தேன்."

"அப்படின்னா அடியில இருக்கற கெட்டி அழுக்கு இப்பதான் கழலுது."

நாத்தனார் இடையில் நுழைந்தாள். "அண்ணே, அண்ணி சொல்றதும் நியாயந்தானே. நிறுத்தினா எரியும். எரிஞ்சா யாரு தாங்கறது?"

"நீ பேசாத. உன் பையைக் கீழ வை."

தெளிவக்கா மாத்திரையை எடுத்தாள். மாஸ்டர் அவள் கையைப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யார் கையையும் பிடித்ததில்லை. உள்ளங்கையை நீட்டினார், பட்டறையில் வாங்குபவனிடம் துணித்துண்டு கேட்பதுபோல.

"ஒரே ஒரு தடவை கொடு. பத்து நிமிஷம். சாம்பிள் முக்கறேன். நான் சொல்றது தப்புன்னா, நானே நாலு கடை ஏறி வாங்கிட்டு வரேன்."

அதற்கு அவளால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. சாம்பிள் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். தொழில் அப்படி.

அவர் கண்ணாடி டம்ளரில் வெந்நீர் எடுத்தார். மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிப் போட்டார். கலக்கினார். மேல்மாடிச் சந்து வழியே பார்த்த எனக்கே தெரிந்தது, தண்ணீரில் அது புகைபோல இறங்கி, சுழன்று, டம்ளர் முழுக்கப் பரவியது. வெள்ளைத் துணி ஒன்றை முக்கினார். எடுத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆவி பறந்தது. பிறகு அந்தத் துணியையும் அட்டையையும் கட்டிலுக்குக் கொண்டுவந்து, சன்னல் திரையை விலக்கி, அவள் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவள் துணியைப் பார்க்கவில்லை. துணி அவர் துறை. டம்ளரை வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கான தடவை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். எந்தத் தண்ணீரையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இது என் உடம்புக்குள்ளயே போகாதது" என்றாள்.

"ஆமா."

"போகாமலே இந்த நிறம்."

"ஆமா."

"அப்ப நான் இத்தனை நாளா அலசல. சாயம் ஏத்திட்டிருந்திருக்கேன்."

மாஸ்டர் தலையசைத்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள் பாதியில் மறுபடி உட்கார்ந்தாள்.

"நோய் எங்க இருக்கு அப்ப?" என்றாள், மெல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பட்டறையின் சரக்கு வண்டிதான் கிடைத்தது. வாங்குபவருக்குப் போகவேண்டிய துணி மூட்டைகள் மேலே அவளைப் படுக்கவைத்தார்கள். இரண்டு பக்கமும் புருஷனும் நாத்தனாரும். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில். வழியில் வண்டியின் பின்கதவு வழியே வெளிச்சம் அடித்தபோது மாஸ்டர் அவள் கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"என்ன?" என்றாள் நாத்தனார்.

"கண்ணோட வெள்ளை" என்றார். "இது என் பதினேழுல இல்ல."

முப்பது வருஷத்தில் ஒரு நிறத்துக்குப் பெயர் சொல்லாமல் விட்டது அன்றுதான்.

டாக்டரம்மா ஒல்லியான, அவசரமே இல்லாத பெண். தெளிவக்காவின் முதுகில் வலது பக்கம் கையை வைத்து, மற்றக் கையால் லேசாகக் குத்தினாள். தெளிவக்கா பல்லைக் கடித்தாள்.

"காய்ச்சல் குறைவாக் காட்டுது. காலையில என்ன போட்டீங்க?"

நாத்தனார் பையை மேசைமேல் கவிழ்த்தாள். கொட்டிக்கொண்டே இருந்தது. அட்டைகள், பாதி அட்டைகள், காகிதத்தில் மடித்தவை, பெயர் அழிந்தவை. கடைசியில் ஒரு பித்தானும் விழுந்தது. டாக்டரம்மா விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்தாள்.

"இது காய்ச்சலுக்கு. அளவோட போட்டாத் தப்பில்ல, ஆனா காய்ச்சலை மறைச்சிருக்கு. இது முதுகுவலிக்குக் கொடுத்ததா? இது கிட்னி சோர்ந்திருக்கும்போது கொடுக்கவே கூடாது. எத்தனை?"

"ஏழு" என்றாள் நாத்தனார். குரல் இறங்கிவிட்டது.

"இது யாருக்கு எழுதினது?"

"பக்கத்து வீட்டு நாய்க்கு. அதை அண்ணிக்குக் கொடுக்கல, டாக்டர். அது சும்மா இருக்கு."

டாக்டரம்மா அதை மட்டும் தனியாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு சிறுநீர் பரிசோதனைக்கு அனுப்பினாள். கால்மணியில் பரிசோதனைக்காரர் சிறுநீரில் முக்கிய ஒரு காகிதப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வெவ்வேறு நிறம் காட்டவேண்டிய அதன் கட்டங்கள் எல்லாம் ஒரே ஆரஞ்சு.

"படிக்க முடியல டாக்டர். எல்லாத்தையும் மாத்திரை மூடிருச்சு."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அந்த ஆரஞ்சைக் கழிச்சுட்டுப் பாத்தா மூணாவது கட்டத்துல அடியில பச்சை இருக்கு."

"நீங்க யாரு?"

"நிறம் பாக்கறவன்."

"நிறம் பாத்தது போதும், உக்காருங்க" என்றாள் டாக்டரம்மா, கோபம் இல்லாமல். "இந்தப் பட்டையை நம்ப முடியாது. கிருமியை வளர்த்துப் பாக்க அனுப்பறேன், அதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. இப்பவே நரம்புல மருந்து ஏத்தணும். கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தத்துல பாக்கணும். கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கு. அந்தச் சிவப்பு மாத்திரை வெளிய போகாம உடம்புல சேருதுன்னு நினைக்கிறேன். அதை எழுதறதுக்கு முன்னாடியே கிட்னி நல்லா இருக்கான்னு கேக்கணும். உங்ககிட்ட யாரும் கேக்கல."

"நாங்க யாரையும் கேக்கல" என்றாள் தெளிவக்கா.

"அது என்ன மாத்திரை தெரியுமா? மருந்தானாலும் அது ஒரு சாயம்தான். சாயக் குடும்பத்துல பொறந்தது."

மாஸ்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். எந்த வகைச் சாயம் என்றுதான் கேட்டிருப்பார். தெளிவக்கா அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

ரத்தத்தின் முடிவு ஒரு மணி நேரத்தில் வந்தது. கிட்னி இருக்கவேண்டிய அளவுக்கு வேலை செய்யவில்லை. ரத்தத்தில் தேங்கிய கழிவு மருந்துக்கு இறங்கி வருகிறதா என்று தினம் பார்க்கவேண்டும். வராவிட்டால் வேறு பெரிய ஆஸ்பத்திரி, வேறு பேச்சு. டாக்டரம்மா இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தார்கள்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். சன்னலுக்கு வெளியே ஒரு மின்விசிறிக் கடை. மறுநாள் காலைவரை மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மத்தியானம், சிவப்பு மாத்திரையின் வேகம் முழுக்க அடங்கியபோது, எரிச்சல் திரும்பி வந்தது. ஒரு வாரம் வெளியே நிறுத்தி வைத்திருந்த ஆள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததுபோல வந்தது. கழிப்பறைக்கு நாத்தனார் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனாள். தெளிவக்கா சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

"இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?" என்றாள்.

நர்ஸ் சொன்னாள். "இங்கதான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாம."

"அந்த மாத்திரை ஒண்ணே ஒண்ணு கொடுத்தா?"

"இப்ப உங்க கிட்னி இருக்கற நிலைமைக்குக் கொடுக்க முடியாது. வெந்நீர்ப் பை தரேன். வயித்துல வெச்சுக்கங்க. வலிக்கு டாக்டர் எழுதினது மட்டும். மருந்து பிடிச்சா நாளைக்கே குறையும்."

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நான்தான் கொடுத்தேன் அண்ணி. என் கையால கொடுத்தேன்."

"கொடுத்தது நீ. முழுங்கினது நான். தினம் எடுத்து அட்டையில குத்தினது இவரு. ஆளுக்கு ஒரு பங்கு இருக்கு, நீயே மொத்தமும் எடுத்துக்காத. மூக்கைத் துடை, போர்வையில படுது."

நாத்தனார் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேப்ஸ்யூல்தான் வேலை செஞ்சிருக்கு எனக்கு" என்றாள், தனக்குள்.

"இப்பவாவது தெரிஞ்சுதே."

செவ்வாய்க்கிழமை குளிர் வரவில்லை. ரத்தத்தில் அந்தக் கழிவின் அளவு கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம் என்றால், டாக்டரம்மா சந்தோஷப்படாமல் தலையசைக்கிற அளவு. கிருமி எதுவென்றும் தெரிந்தது, ஏறிக்கொண்டிருந்த மருந்துக்கு அது அடங்குகிற கிருமிதான். புதன்கிழமை காலை அளவு நன்றாகவே இறங்கியது. "தப்பிச்சுக்கிட்டீங்க" என்றாள் டாக்டரம்மா. "கேப்ஸ்யூல் எழுதறேன். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் கடைசி வரைக்கும் முடிக்கணும். தண்ணி குடிக்கணும். அடக்கக் கூடாது. மறுபடி எரிஞ்சா முதல்ல இங்க வரணும், பைக்குப் போகக் கூடாது."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு தெளிவக்கா எழுந்து தனியாகவே கழிப்பறைக்குப் போனாள். போய்த் திரும்பி வர நேரமானது. மாஸ்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பிடிக்காமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று எதிர்பார்ப்பதுபோல இருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"எரியல."

"முதுகு?"

"வலிக்கல."

"நல்லதுதானே. அப்புறம் ஏன் முகம் இப்படி?"

"போன வாரமும் மாத்திரையில எரியல, வலிக்கல."

ஒரு தட்டில் ரொட்டியும் சூப்பும், மாஸ்டருக்குத் தனியாக ஒரு ரொட்டியும் வந்தன. நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். தெளிவக்கா அதைக் குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள், அதையும் குடித்தாள். பிறகு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிடு, ஆறுது."

"இருங்க. அரைமணி ஆகட்டும். வலிக்கு எதையும் போடாம வலி இல்லாம இருக்கேனான்னு பாத்துக்கறேன்."

அரைமணி ஆனது. ஒரு மணி ஆனது. வெளியே மின்விசிறிக் கடைக்காரர் ஒவ்வொரு விசிறியாகச் சுற்றிப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தார். நாத்தனார் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தெளிவக்கா மறுபடி ஒரு தடவை போய்வந்தாள், உட்கார்ந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து, ஆறிப்போன சூப்பை ஒரு வாய் குடித்தாள்.

"உப்பே இல்ல" என்றாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் ரொட்டியிலும் பாதியைப் பிய்த்து எடுத்தாள்.